சத்தத்துக்கும் உண்டு எடைக்கல்

காய்கறிக் கடைத் தராசின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? தட்டு காலியாக இருக்கும்போது சைபர் காட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்போம். அதிலும் மனம் ஆறாவிட்டால், ஒரு கிலோ எடைக்கல்லை வைத்துக் காட்டச் சொல்வோம். கல்லில் முத்திரை இருந்து, தராசும் ஒரு கிலோ என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது.

சத்தத்தை நிறுக்கும் கருவிக்கும் இதே நியாயம்தான். பாடப்புத்தகம் அதை ஒலிமட்டமானி என்கிறது; களத்தில் இருப்பவர்கள் 'சவுண்ட் மீட்டர்' என்று முடித்துக்கொள்கிறார்கள். உச்சியில் விரல் பருமனில் ஒரு மைக், அதன் கீழே திரை, திரையில் ஓர் எண். தெருமுனை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டினால் 66 டெசிபல் என்கிறது. அந்த 66-ஐ எதை வைத்து நம்புவது? தட்டைக் காலி செய்து சைபர் பார்க்க இங்கே வழியில்லை. நடுராத்திரியில் ஜன்னலை அடைத்த அறையிலும் மீட்டர் இருபதோ முப்பதோ காட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் அறவே இல்லாத இடம் ஊரில் கிடையாது.

ஆகவே எடைக்கல்தான் கதி. சத்தத்துக்கும் அப்படியொரு கல் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பா. ஒரு முனையில் வட்டத் துளை, மேலே ஒரு பொத்தான், உள்ளே பேட்டரி. பெயர் கேலிபிரேட்டர். மீட்டரின் மைக்கைத் துளைக்குள் நுழைத்துப் பொத்தானை அழுத்தினால், ஒரே சுருதியில் 'ஊ' என்று ஒலிக்கும். அந்த ஒலியின் அளவு முன்பே தெரிந்தது: 94 டெசிபல். மீட்டரும் 94 என்று சொல்ல வேண்டும். சொன்னால் அளக்கத் தொடங்கலாம். சொல்லாவிட்டால், ஏன் என்று தேட வேண்டும்.

இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். இந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காமல் எடுத்த எந்த அளவையும் ஏற்கக்கூடாது என்பதுதான் ஒலி அளப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களின் முதல் விதி.

94 எங்கிருந்து வந்தது?

கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். சத்தம் என்பது இந்த அழுத்தத்தின் மேல் எழும் மெல்லிய அலை. அழுத்தம் நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை துளி கூடுகிறது, துளி குறைகிறது. நல்ல காதுக்குக் கேட்கும் மிகச் சிறிய ஏற்ற இறக்கம் 20 மைக்ரோபாஸ்கல், அதாவது ஒரு பாஸ்கலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்து, அதற்குச் சைபர் டெசிபல் என்று பெயரிட்டார்கள். அங்கிருந்து அழுத்தம் ஒவ்வொரு முறை பத்து மடங்காகும்போதும் 20 டெசிபல் ஏறும். இந்தக் கணக்கில் ஏறிப்போனால், ஒரு பாஸ்கல் அழுத்தம் வந்து நிற்கும் இடம் 94 டெசிபல். அதனால்தான் அந்த எண் எடைக்கல்லாக நிலைத்தது.

டெசிபலைக் கிராம் போலக் கூட்ட முடியாது. ஒரு ஜெனரேட்டர் 80 டெசிபல் காட்டுகிறது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றையும் ஓட்டினால் மீட்டர் 83 காட்டும். ஒலியின் ஆற்றல் இரட்டிப்பானால் ஏறுவது வெறும் 3 டெசிபல். இதைத் திருப்பிப் பாருங்கள். மீட்டரில் 3 டெசிபல் பிழை இருந்தால், அது ஒரு கிலோவை இரண்டு கிலோ என்றோ, அரைக் கிலோ என்றோ சொல்லும் தராசு. 'மூன்றுதானே' என்று விட முடியாது.

விதிப்புத்தகத்தில் இந்த மூன்று என்ன செய்யும் என்று பார்ப்போம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் ஊரை நான்காகப் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 10 டெசிபல் கூடலாம். ஆனால் எங்கேயும் 75-ஐத் தாண்டக்கூடாது. ஆக, குடியிருப்புத் தெருவில் பகல் வேளை விழா ஒலிபெருக்கிக்கு எல்லை 65.

மீட்டர் 66 காட்டிவிட்டது. அது 3 டெசிபல் கூட்டிச் சொல்லும் மீட்டர் என்றால், உண்மை 63. விழாக் குழுவினர் தப்பே செய்யாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 3 குறைத்துச் சொல்லும் மீட்டர் என்றால், உண்மை 69. ஏதோ ஒரு டெசிபல்தான் கூடுதல் என்று அதிகாரி எச்சரித்துவிட்டுப் போய்விடுவார். தெருவுக்கு அன்றும் நிம்மதி இருக்காது.

தறிக்கூடத்தில் இதே பிழை காதையே பறிக்கும். தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகளில் உள்ள அட்டவணைப்படி, 90 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். 92 என்றால் 6 மணி. 95 என்றால் 4 மணிதான். உண்மையில் 95 உள்ள கூடத்தில், 3 குறைத்துச் சொல்லும் மீட்டரை நீட்டினால் 92 வரும். தொழிலாளி நாள்தோறும் இரண்டு மணி நேரம் கூடுதலாக அந்தச் சத்தத்தில் நிற்பார். நிற்பது யாருக்கும் தப்பாகத் தெரியாது; காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மைக் ஏன் மாறுகிறது?

நேற்றுச் சரியாக இருந்த மீட்டர் இன்றைக்கு ஏன் தவற வேண்டும்? திரையும் மின்சுற்றும் அவ்வளவாக மாறுவதில்லை. மாறுவது மைக்.

அளவைக் கருவியில் உள்ள மைக் மேடை மைக்கைப் போன்றதன்று. அதன் முகத்தில் சில மைக்ரான் தடிமனே உள்ள ஒரு சவ்வு, பெரும்பாலும் உலோகச் சவ்வு, மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதன் பின்னால் சுமார் 20 மைக்ரான் இடைவெளி விட்டு ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னூட்டம். சில மைக்குகளுக்கு வெளியிலிருந்து 200 வோல்ட் கொடுப்பார்கள். மற்றவற்றில் மின்னூட்டம் தகட்டின் மேற்பூச்சிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். சத்தம் வந்து சவ்வைத் தள்ளும்போது இடைவெளி நூலிழை மாறும். அந்த மாற்றமே மின்னழுத்தமாக வெளிவருகிறது. நல்ல அரை அங்குல மைக், ஒரு பாஸ்கலுக்கு ஏறக்குறைய 50 மில்லிவோல்ட் தரும்.

இவ்வளவு மெல்லிய அமைப்புக்கு எதிரிகள் நிறைய. சவ்வில் தூசி படிந்தால் அதன் கனம் மாறும். கை தவறி விழுந்தால் இழுவை தளரும். ஆண்டுகள் போகப் போகப் பதிந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நம் கடலோர ஊர்களில் பெரிய எதிரி ஈரம். ஏ.சி. அறையில் குளிர்ந்திருந்த மீட்டரைச் சென்னை வெயிலுக்குக் கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறந்தால், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல மைக்கின் உள்ளேயும் ஈரம் படியும். அந்த நேரத்தில் அளவு தாறுமாறாக ஓடும். படபடவென்று சத்தமும் எழும். அனுபவசாலிகள் பெட்டியை மூடியபடியே வெளியில் கொஞ்ச நேரம் வைத்து, கருவி வெளிச்சூட்டுக்கு வந்தபின்தான் திறப்பார்கள்.

அரை நிமிடச் சோதனை

மொட்டை மாடியில் நின்று கீழே ஓடும் சாலையின் சத்தத்தை அளக்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மைக்கின் மேலிருக்கும் பஞ்சு உருண்டையைக் கழற்ற வேண்டும். அது காற்று இரைச்சலைத் தடுக்க வைத்தது. மீட்டரை ஓடவிட்டு அது நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கேலிபிரேட்டரின் துளைக்குள் மைக்கை மெதுவாக, நேராக நுழைக்க வேண்டும். இந்த 'மெதுவாக' முக்கியம். வேகமாகத் திணித்தால் உள்ளே சிக்கிய காற்று சவ்வை அமுக்கிவிடும். கழற்றும்போதும் அப்படியே.

துளைக்குள் ஒரு ரப்பர் வளையம் மைக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சின்ன அறையின் கனஅளவைக் கணக்கிட்டுத்தான் அந்த 94 தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. காற்று எங்கேயாவது கசிந்தால் கணக்கு கெடும். பல கேலிபிரேட்டர்களின் துளை ஒரு அங்குலம். அரை அங்குல மைக்குக்கு ஓர் இடை வளையம் போட வேண்டும். அந்த வளையம் தொலைந்துபோய், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சமாளிப்பவர்கள் உண்டு. டேப்பைச் சுற்றியவுடன் எடைக்கல் எடைக்கல்லாக இல்லை.

பொத்தானை அழுத்தினால் வரும் சுருதி 1,000 ஹெர்ட்ஸ். இதற்கும் காரணம் உண்டு. மனிதக் காது தாழ்ந்த சுருதிகளை மங்கலாகவே கேட்கும் என்பதால், மீட்டரிலும் அதற்கேற்பத் தாழ்ந்த சுருதிகளைக் குறைத்துக் காட்டும் 'ஏ' என்ற வடிகட்டி இருக்கிறது. விதிகளில் வரும் வரம்புகளெல்லாம் இந்த 'ஏ' கணக்கில்தான். 'சி' என்று இன்னொரு வடிகட்டியும் உண்டு. சரியாக 1,000 ஹெர்ட்ஸில் எந்த வடிகட்டியும் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. மீட்டர் எந்த அமைப்பில் இருந்தாலும் 94 என்றே வரும். சாலை இரைச்சல் பலமாக இருந்தால் 94-க்குப் பதில், பல கேலிபிரேட்டர்களில் உள்ள இன்னொரு அளவான 114-ஐத் தேர்ந்தெடுப்பார்கள். வெளிச்சத்தம் கசிந்து வந்தாலும் 114-இன் முன் அது ஒரு பொருட்டாகாது.

சில மீட்டர்களின் கையேடு 93.8 வரவேண்டும் என்று சொல்லும். புதிதாக வருபவர்கள் இங்கே தடுமாறுவார்கள். திறந்த வெளியில் எதிரேயிருந்து வரும் சத்தத்துக்கென்று செய்யப்பட்ட மைக்கை, அடைத்த சின்ன அறைக்குள் வைக்கும்போது எழும் வித்தியாசம் அது. கையேடு சொல்லும் எண்ணே சரி. அதை வலிந்து 94-க்குத் திருகினால், அன்றைய அளவெல்லாம் 0.2 கூடிவிடும்.

பழைய முறையில் இன்னொரு வகை எடைக்கல் உண்டு: பிஸ்டன்ஃபோன். மோட்டார் சுழற்ற, இரண்டு குட்டிப் பிஸ்டன்கள் சின்ன அறைக்குள் போய்வந்து 250 ஹெர்ட்ஸில் 124 டெசிபல் எழுப்பும். மிக நம்பகமானது, ஆனால் ஊரின் காற்றழுத்தம் அதன் அளவை மாற்றும். சென்னையில் 124 தரும் பிஸ்டன்ஃபோனை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு எடுத்துப்போனால், காற்று மெலிந்திருப்பதால் ஏறக்குறைய 2.4 டெசிபல் குறைவாகவே தரும். அதனால்தான் அதன் பெட்டிக்குள் ஒரு காற்றழுத்தமானியும் இருக்கும்; அது காட்டும் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கண்ணி: 250 ஹெர்ட்ஸில் 'ஏ' வடிகட்டி 8.6 டெசிபல் குறைக்கும். மீட்டரை 'ஏ'-யில் வைத்துவிட்டுப் பிஸ்டன்ஃபோனைப் பொருத்தினால் 115.4 வரும். கருவி கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை.

அளந்து முடித்தபிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். காலையில் 94.0 காட்டியது, மாலையில் 93.1 காட்டுகிறது என்றால், இடையில் எப்போதோ மைக்குக்கு என்னவோ ஆகியிருக்கிறது. எப்போது என்று கண்டுபிடிக்க முடியாது. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசம் 0.5 டெசிபலைத் தாண்டினால், நடுவில் எடுத்த அளவுகளைத் தூக்கிப்போட வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்ததாயிற்றே என்று கல்வெட்டுப்போலக் காத்து வைக்கக்கூடாது.

திருகுவதற்கு முன்

மீட்டரில் திருத்தம் செய்ய வசதி உண்டு. மலிவான மீட்டர்களின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகாணி. நல்ல மீட்டர்களில் திரையிலேயே ஒரு கட்டளை. கேலிபிரேட்டரை மாட்டி, 93.7 காட்டினால் 94-க்குத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த வசதியே ஆபத்தும்கூட. மீட்டர் 91 காட்டுகிறது. உடனே 94-க்குத் திருகிவிட்டு வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும்? மூன்று டெசிபல் சும்மா காணாமல் போகாது. மைக் நனைந்திருக்கலாம்; சவ்வு கிழிந்திருக்கலாம்; கேலிபிரேட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம்; ரப்பர் வளையம் விரிசல் விட்டிருக்கலாம். கசிகிற கேலிபிரேட்டரை நம்பி நல்ல மீட்டரைத் திருகினால், சரியாக இருந்த ஒன்றையும் நாமே கெடுத்துவிட்டோம். காய்ச்சல் இறங்கவில்லை என்று தெர்மாமீட்டரை நனைத்து இறக்கிக் காட்டுவது போன்ற வைத்தியம் இது.

அதனால் ஒழுங்கான குழுக்கள் திருத்துவதற்கு முன்பு வந்த எண்ணை நோட்டில் எழுதிவிடுவார்கள். தினமும் எழுதினால் அந்த நோட்டே கருவியின் ஜாதகம் ஆகிவிடும். வாரா வாரம் 0.1 என்று நழுவுகிறதா, திடீரென்று ஒரு டெசிபல் சரிந்ததா என்று பக்கத்தைப் புரட்டினாலே தெரியும். சரிபார்ப்பது ஒரு வேலை; திருத்துவது வேறு வேலை. முதலாவதைத் தினமும் செய்யலாம். இரண்டாவதைச் செய்யுமுன் காரணம் தெரிய வேண்டும்.

ஒரு கல் போதாது

ஒரு கிலோ கல்லைச் சரியாகக் காட்டும் தராசு, ஐம்பது கிலோ மூட்டையையும் சரியாகக் காட்டும் என்று உத்தரவாதம் உண்டா? கேலிபிரேட்டரின் எல்லையும் இதுதான். அது ஒரே சுருதியில், ஒன்றிரண்டு அளவுகளில் மட்டுமே கேள்வி கேட்கிறது. 63 ஹெர்ட்ஸில் உறுமும் ஜெனரேட்டரை மீட்டர் எப்படிக் காட்டும், 8,000 ஹெர்ட்ஸில் கீச்சிடும் பிரேக்கை எப்படிக் காட்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதற்குத்தான் ஆய்வகம். ஐ.இ.சி. 61672 என்ற சர்வதேசத் தரம், மீட்டர்களை இரண்டு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்று வகுத்திருக்கிறது. முதல் வகுப்பு மீட்டர் மைனஸ் 10 முதல் 50 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் தன் அளவைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 0 முதல் 40 டிகிரி. வேலூரின் மே மாத மதியத்தில் இரண்டாம் வகுப்பு மீட்டரை வெயிலில் வைத்து அளப்பது, அதன் எல்லைக்கு வெளியே வேலை வாங்குவது. ஆய்வகத்தில் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை படிப்படியாகப் பார்ப்பார்கள். மெல்லிய ஒலியிலிருந்து பலத்த ஒலிவரை ஏற்றி, அளவு நேராக ஏறுகிறதா என்று சோதிப்பார்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடியும் ஒலியைக் கொடுத்து, மீட்டர் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைகள் எதற்கு என்று பட்டாசு ஊரான சிவகாசியில் கேட்டால் தெரியும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலையோ, 'சி' கணக்கில் உச்சம் 145 டெசிபலையோ தாண்டும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது இந்திய விதி. 145 என்றால் கிட்டத்தட்ட 356 பாஸ்கல். நம் எடைக்கல்லின் ஒரு பாஸ்கலைப் போல 356 மடங்கு, அதுவும் ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் வந்து போய்விடும். அந்த அடியில் சாதாரண அரை அங்குல மைக் திணறிவிடும். தாங்கக்கூடிய சிறிய மைக் வேண்டும். காலையில் கேலிபிரேட்டரிடம் 94 சொன்ன மீட்டர், வெடியின் உச்சத்தையும் சரியாகச் சொல்லும் என்பதற்கு ஆய்வகச் சான்றிதழ்தான் ஆதாரம்.

கேலிபிரேட்டரை ஆண்டுக்கு ஒரு முறையும், மீட்டரை ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒரு முறையும் ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். திரும்பி வரும்போது கருவியின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கூட வரும் சான்றிதழைப் புரட்டுங்கள். மீட்டரின் வரிசை எண், மைக்கின் வரிசை எண் இரண்டும் கருவியில் உள்ளவையா? ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு விலகல் என்று அட்டவணை இருக்கிறதா? அந்த அளவுகளையே எவ்வளவு நம்பலாம் என்ற 'நிச்சயமின்மை' கொடுக்கப்பட்டிருக்கிறதா? ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அந்த ஆய்வகத்தை அங்கீகரித்திருக்கிறதா? இவை இல்லாத சான்றிதழ், முத்திரை இல்லாத எடைக்கல்.

முதல் கல்லை நிறுத்தது யார்?

இங்கே ஒரு கேள்வி எழும். மீட்டரைக் கேலிபிரேட்டர் சரிபார்க்கிறது. கேலிபிரேட்டரை ஆய்வகத்தின் மைக் சரிபார்க்கிறது. அந்த மைக்கை அதைவிட மேலான மைக். இப்படியே மேலே போனால், இந்தியாவில் அளவைத் தரங்களைக் காக்கும் புது டெல்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். சரி, அங்கே இருக்கும் மைக்கை எதை வைத்துச் சரிபார்ப்பது? அதற்கு மேலே மைக் ஏது?

விடை அழகானது. அந்த மைக்குகளுக்குக் கேட்கவும் தெரியும், பேசவும் தெரியும். சவ்வில் சத்தம் பட்டால் மின்சாரம் வருவதுபோல, மின்சாரம் கொடுத்தால் சவ்வு அதிர்ந்து சத்தம் எழுப்பும். எனவே மூன்று மைக்குகளை எடுத்துக்கொள்வார்கள். மூன்றின் உணர்திறனும் தெரியாது. இரண்டிரண்டாக முகத்துக்கு முகம் வைத்து, நடுவே கனஅளவு துல்லியமாகத் தெரிந்த ஒரு குட்டி அறையை அமைப்பார்கள். ஒன்று பேசும், மற்றது கேட்கும். கொடுத்த மின்னோட்டத்தையும் வந்த மின்னழுத்தத்தையும் அளந்தால், அந்த இரண்டு மைக்குகளின் உணர்திறன்களைப் பெருக்கினால் என்ன வரும் என்பது தெரிந்துவிடும். தனித்தனியே தெரியாது, பெருக்கல் தொகை மட்டும் தெரியும்.

எளிய எண்களில் பாருங்கள். முதல் மைக்கையும் இரண்டாவதையும் பெருக்கினால் 12. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் 20. மூன்றாவதையும் முதலாவதையும் பெருக்கினால் 15. இப்போது 12-ஐ 15-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 9. அது முதல் மைக்கின் வர்க்கம். ஆக முதல் மைக் 3. மற்றவை தாமாகவே 4, 5 என்று வந்துவிடும். எந்த எடைக்கல்லும் இல்லாமல் மூன்று கற்களின் எடையும் தெரிந்துவிட்டது.

இதில் நுழைந்த அளவுகள் என்னென்ன? மின்சாரம், நீளம், வெப்பநிலை, காற்றழுத்தம். ஒன்றுகூடச் சத்தம் இல்லை. சத்தத்தின் எடைக்கல் எந்த இரும்புப் பெட்டியிலும் பூட்டி வைக்கப்படவில்லை. தேவைப்படும் போதெல்லாம் மற்ற அளவுகளிலிருந்து அதைப் பிறப்பித்துக்கொள்கிறார்கள். தெருமுனையில் நின்று நீட்டும் மீட்டரின் 66-க்குப் பின்னால் இந்தப் பரம்பரை முழுக்க இருக்கிறது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த 66 அநாதை.

கையில் இருக்கும் ஃபோன்?

'ஆப் இறக்கிப் பார்த்தேன், 80 காட்டுகிறது' என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். ஃபோனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. பேசுபவரின் குரல் எடுபடும்படி, பலத்த சத்தத்தைத் தானாகவே அடக்கி, பின்னணி இரைச்சலை வடிகட்டும் வேலையை ஃபோன் சொல்லாமல் செய்கிறது. அளப்பவருக்கு வேண்டியது அந்த இரைச்சல்தான். ஒவ்வொரு கம்பெனி ஃபோனுக்கும் மைக் வேறு. அதன் துளை ஊசிமுனை அளவு. கேலிபிரேட்டரை எங்கே மாட்டுவது?

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 2017-இல் ஒரு ஆப் வெளியிட்டது. ஆய்வகச் சோதனையில் அது 2 டெசிபல் விலகலுக்குள் நின்றது. ஆனால் ஐஃபோனுக்கு மட்டுமே வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் மைக்குகள் அத்தனை விதம் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே உத்தரவாதம் தர முடியாது. சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துகொள்ள ஃபோன் போதும். மனு எழுதுமுன் ஒரு கணிப்புக்கு உதவும். அந்த எண்ணை ஆதாரமாக நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

ஃபோன் இருக்கட்டும், சரிபார்த்த மீட்டரையும் தப்பாகப் பிடித்தால் எண் தப்பத்தான் செய்யும். சுவரை ஒட்டி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து 3 டெசிபல் வரை, சில சமயம் அதற்கு மேலும், கூடிவிடும். பஞ்சு உருண்டை இல்லாமல் காற்றில் நீட்டினால், மைக்கில் காற்று மோதும் சத்தமே கணக்கில் ஏறும். எடைக்கல் தராசைச் சோதிக்கும். நிறுப்பவரின் கையைச் சோதிக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-இல் தொடங்கிய ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பில் ஏழு நகரங்களில் 70 நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்து சென்னையில். இவை தவிர, தீபாவளிக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும், ஆலைத் தணிக்கைக்கும், தெருச் சண்டைக்கும் என்று மீட்டர்கள் ஊரெங்கும் நீட்டப்படுகின்றன. அடுத்த நாள் செய்தித்தாளில் எண்கள் வரும். கூடியது குறைந்தது என்று பேசுவோம். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

உங்கள் தெருவுக்கோ உங்கள் ஆலைக்கோ யாராவது மீட்டரோடு வந்தால், கூச்சப்படாமல் நான்கு கேள்வி கேளுங்கள். மீட்டர் எந்த வகுப்பு? கடைசியாக ஆய்வகத்துக்குப் போய்வந்தது எப்போது? அளக்குமுன் கேலிபிரேட்டரில் என்ன காட்டியது? அளந்தபின் என்ன காட்டியது? கடைசி இரண்டையும் அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவர் நீங்களாக இருந்தாலும் கேளுங்கள். புகாருக்கு ஆளானவர் நீங்களாக இருந்தாலும் கேளுங்கள். சரியாக வேலை செய்யும் அதிகாரிக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. அவர் பெட்டியில் அந்த டப்பா இருக்கும். அரை நிமிடத்தில் உங்கள் கண்முன்னே 94 காட்டிவிட்டு, வேலையைத் தொடங்கிவிடுவார்.